இம்பாக்ட் ஃபேக்டரா, சைட்ஸ்கோரா, எஸ்.ஜே.ஆரா? நூலக மேசையில் ஒரு மத்தியானக் கணக்கு

குமரி மாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், காது மூக்கு தொண்டைத் துறையின் உதவிப் பேராசிரியர் நனைந்த குடையோடு உள்ளே வந்தார். முட்டம், குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வெற்றிலை போடுகிறவர்கள் வாய்ப்புற்றுக்காக எவ்வளவு தாமதமாக டாக்டரிடம் வருகிறார்கள் என்பது அவருடைய பேப்பர். கையில் ஒரு துண்டுச்சீட்டு, அதில் இரண்டு ஜர்னல் பெயர்கள்.

“சார், இதுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் கூட. அதுக்கு சைட்ஸ்கோர் கூட. எதப் பாத்து அனுப்ப?”

ஒரு ஜர்னலின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று அளக்கும் எண்கள் இவை. பதில் சொல்லும் முன் அவருடைய மேற்கோள் பட்டியலைப் புரட்டினேன். முதல் வரியிலேயே 1933. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் ஐ. எம். ஓர் என்பவர், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. நம்மூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அதற்கும் கால் நூற்றாண்டு முன்பே, 1908இல், அதே ஆஸ்பத்திரியின் பென்டால் 1700 புற்றுநோயாளிகளின் விவரத்தைத் தொகுத்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் போட்டிருந்தார். வெற்றிலை, பாக்கு, வாய்ப்புற்று என்று இன்று உலகில் யார் எழுத உட்கார்ந்தாலும் நெய்யூரைத் தொட்டுவிட்டுப் போகிற வாய்ப்பு அதிகம்.

“மேடம், இந்த முதல் மேற்கோள் நீங்க சொன்ன எந்தக் கணக்கிலயும் சேராது” என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

இம்பாக்ட் ஃபேக்டர்தான் இவற்றில் மூத்தது. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் சயின்ஸ் இதழில் விதைத்த யோசனை, 1970களில் ஆண்டறிக்கையாக வளர்ந்தது. இப்போது கிளாரிவேட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கணக்கு எளிது. ஒரு ஜர்னல் 2022, 2023 இரண்டு ஆண்டிலும் சேர்த்து 200 கட்டுரை போட்டது, அவற்றை 2024இல் 300 முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300ஐ 200ஆல் வகுத்தால் 1.5. இனி அந்த 300இல் 90 ஒரே கட்டுரைக்கு வந்தவை என்று வையுங்கள். அதை எடுத்துவிட்டால் மிச்சம் 199 கட்டுரைக்கு 210 மேற்கோள், ஏறத்தாழ 1.06. மற்ற 199 பேரும் ஒருவருடைய புண்ணியத்தில் 1.5 வாங்கிப் போகிறார்கள். இது வெறும் கற்பனையும் இல்லை. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழ் 2008இல் 2 சொச்சத்தில் இருந்தது. ஒரே ஒரு கட்டுரையால் அடுத்த ஆண்டு 49.9க்குப் போனது.

மருத்துவத்தில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பச்சையாகத் தெரியும். லான்செட் 2019இல் 60.4. கோவிட் கட்டுரைகள் வந்து குவிந்ததில் 2021இல் 202.7. 2023இல் 98.4. ஓணத்துக்கு முந்தின நாள் தோவாளையில் பிச்சிப்பூ விலை கேட்டிருக்கிறீர்களா? அதே பூ, அதே தோட்டம். அடுத்த வாரம் போய்க் கேளுங்கள். அந்த ஒரு நாள் விலையைச் சொல்லி நிலத்துக்கு மதிப்புப் போடுகிறவர் யாரும் கிடையாது. ஜர்னலுக்கு மட்டும் போடுகிறோம்.

இன்னொரு நெளிவும் உண்டு. தலையங்கம், வாசகர் கடிதம் போன்றவற்றை வகுக்கும் எண்ணில் சேர்ப்பதில்லை. ஆனால் அவற்றுக்கு வரும் மேற்கோள்கள் மேலே உள்ள எண்ணில் சேர்ந்துவிடும். எது கட்டுரை, எது கட்டுரை இல்லை என்று பிரிப்பதிலேயே எண் மாறும். பிளாஸ் மெடிசின் இதழ் 2006இல் தன் சங்கதியையே வெளியே சொன்னது: எந்த வகைகளைச் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தன்னுடைய இம்பாக்ட் ஃபேக்டர் 3க்கும் கீழே இருக்கலாம், 11 வரையும் போகலாம் என்று.

இந்த நெளிவுக்குப் பதிலாகத்தான் எல்ஸ்வியர் பதிப்பகம் 2016 கடைசியில் சைட்ஸ்கோரைக் கொண்டுவந்தது. அவர்களுடைய ஸ்கோபஸ் மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து போடுவது, காசில்லாமல் பார்க்கலாம். தொடக்கத்தில் கடிதம், தலையங்கம் எல்லாவற்றையும் வகுக்கும் எண்ணில் போட்டார்கள். அதனால் இம்பாக்ட் ஃபேக்டரில் 44 இருந்த லான்செட், சைட்ஸ்கோரில் 8க்கும் கீழே இறங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், லான்செட்டை வெளியிடுவதே எல்ஸ்வியர்தான். 2020இல் முறையை மாற்றினார்கள்: நான்கு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரை, மறுஆய்வு போன்றவற்றுக்கு அதே நான்கு ஆண்டுகளில் வந்த மேற்கோள்கள் மட்டும். கூடுதல் காலம் எடுப்பதால் எண் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். துண்டுச்சீட்டிலிருந்த குழப்பத்தில் பாதி இதுதான், ஒன்றின் இம்பாக்ட் ஃபேக்டர் 2.1ஐயும் மற்றதன் சைட்ஸ்கோர் 3.4ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தார். அது முழத்தையும் அடியையும் ஒப்பிடுகிற வேலை. தரவுத்தளமும் தன்னுடையது, அளவுகோலும் தன்னுடையது, அளக்கப்படும் இதழ்களில் பலவும் தன்னுடையவை என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான். ஆனாலும் எந்தக் கட்டுரை, எந்த மேற்கோள் என்று வரிவரியாகத் திறந்து பார்க்க முடிகிறதே, அந்த ஒரு காரணத்துக்காக எனக்குச் சைட்ஸ்கோர் மேல் கோபம் குறைவு.

எஸ்.ஜே.ஆர். வேறு மாதிரி. ஸ்பெயின் நாட்டு ஸிமாகோ குழுவினர் போடுவது. மூன்று ஆண்டு, அதுவும் ஸ்கோபஸ் தரவுதான். இதில் எல்லா மேற்கோளும் ஒரே எடை இல்லை. மதிப்புள்ள இதழ் காட்டும் மேற்கோளுக்கு எடை கூட. கூகுள் தேடலில் பக்கங்களை வரிசைப்படுத்தும் யோசனையின் பங்காளி இது. ஒரு ஜர்னல் தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டு ஏறுவதற்கும் மூன்றில் ஒரு பங்கு என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். ஊர்க் கணக்கில் சொன்னால், சம்பந்தி வீட்டில் யார் நல்ல பெயர் சொன்னார்கள் என்பதையும் பார்த்து முடிவெடுப்பது. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது: பெரிய வீட்டுக்காரன் பேச்சுக்கே மதிப்பு. நம்மூர்ச் சமூக மருத்துவ இதழை நம்மூர் இதழ்களே அதிகம் மேற்கோள் காட்டும், அந்த எடை மெலிந்துதான் விழும்.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். லெய்டன் பல்கலைக்கழகத்து ஸ்னிப் என்ற அளவு, துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் வேறுபடுவதைச் சரிக்கட்டுகிறது. காது மூக்கு தொண்டை இதழையும் புற்றுநோயியல் இதழையும் ஒரே தராசில் வைக்க வேண்டியிருந்தால் இதுதான் நியாயம். ஐகன்ஃபேக்டர் ஐந்து ஆண்டு பார்க்கும், சுயமேற்கோளை அடியோடு தள்ளும், ஆனால் நிறையக் கட்டுரை போடும் இதழுக்குப் பெரிய எண் கொடுக்கும். கூகுள் ஸ்காலர் தளம் போடும் எச்-ஃபைவ் என்ற எண்ணுக்கும் இதே பெருங்கடைச் சாய்வு உண்டு.

இப்போது திரும்ப 1933க்கு. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு. எந்த வலையிலும் ஓரின் கட்டுரை விழாது. மேடத்தின் பேப்பர் அதை மேற்கோள் காட்டுவதால் லான்செட்டின் இந்த எண்களில் எதுவும் ஒரு புள்ளிகூட நகராது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று வெளியிட்டது 2004இல்தான். நெய்யூர்க் கட்டுரை அதற்கு 71 வருஷம் மூத்தது. கிளாரிவேட் அறிக்கையில் மேற்கோளின் அரை ஆயுள் என்று ஒரு கட்டம் உண்டு, வருகிற மேற்கோள்களில் பாதி எவ்வளவு பழைய கட்டுரைகளுக்கு என்று காட்டுவது. அதைப் பார்க்கச் சொல்லி என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

“அப்ப ப்ரொமோஷனுக்கு எது சார் வேணும்?” என்றார். நியாயமான கேள்வி. தேசிய மருத்துவ ஆணையமான என்.எம்.சி.யின் 2022 விதிகள் கேட்டது பட்டியலைத்தான்: மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ், எம்பேஸ், டி.ஓ.ஏ.ஜே. போன்ற தரவுத்தளங்களில் ஜர்னல் இருக்க வேண்டும். இம்பாக்ட் ஃபேக்டர் இத்தனை வேண்டும் என்று கேட்கவில்லை. பப்மெட் தேடுதளத்தில் தெரிந்தால் இம்பாக்ட் ஃபேக்டர் இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு, இரண்டுக்கும் உறவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பழைய மனவருத்தம் உண்டு. சில வருஷத்துக்கு முன் நண்பர் ஒருவர், மெயிலில் வந்த அழைப்பை நம்பி ஒரு ஜர்னலுக்கு 12,000 ரூபாய் கட்டினார். இம்பாக்ட் ஃபேக்டர் 7.613 என்று அட்டையில் தங்க எழுத்து. நான்காம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். நேர்காணலில் அந்தப் பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அனுப்பும் முன் என்னிடம் காட்டியிருந்தார். நான் வேலை மும்முரத்தில் “பாத்துக்கிடலாம்” என்று சொல்லிவிட்டேன். 2023 முதல் கிளாரிவேட் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம்தான் போடுகிறது. அதனால் புது வருஷத்துக்கான எண் என்று மூன்று இலக்கத்தோடு யாராவது நீட்டினால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன்.

மேடத்தின் இரண்டு ஜர்னலும் ஸ்கோபஸில் இருந்தன. ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் அயல்நாட்டு இதழுக்கு எல்லா எண்ணும் கூட, ஆனால் கடந்த இரண்டு வருஷத்தில் அது போட்டதெல்லாம் மரபணு, ரோபோ அறுவை. இந்திய இதழ், துறை இதழ்களை எஸ்.ஜே.ஆர். வரிசையில் நான்காகப் பிரித்தால், மூன்றாம் கால்பகுதியில் இருந்தது. அதில் கேரளக் கடற்கரையிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வாய்ப்புற்றுக் கட்டுரைகள் வரிசையாக வந்திருந்தன. வெற்றிலை போடுகிற நோயாளியைத் தினமும் பார்க்கிற டாக்டர் படிப்பது அதைத்தான். இந்திய இதழுக்கே அனுப்பச் சொன்னேன். எண் கட்டாயம் போட்டே ஆகவேண்டிய விண்ணப்பம் என்றால் எஸ்.ஜே.ஆர். கால்பகுதியை எழுதுங்கள், துறைக்குள்ளேயே ஒப்பிடுவதால் அது கொஞ்சம் மானமாக இருக்கும் என்றும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்துத் திருத்தம் கேட்டு வந்தது. இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்: மேற்கோள்கள் பழையவை, கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளைச் சேர்க்கவும். மேடம் போனில் கூப்பிட்டு, “சார், நெய்யூரை எடுத்திரட்டா?” என்று கேட்டார். எடுக்க வேண்டாம், புதுசு ஆறு சேருங்கள் என்றேன். சேர்த்தார். அச்சில் வந்தபோது முதல் எண்ணில் 1933தான் இருந்தது.