நைட் விஷன்: ஸ்கோப்புடன் சேர்க்கும் ஆட்-ஆனா, தனி டிஜிட்டல் ஸ்கோப்பா?

நல்ல கண்ணாடி ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை ரைஃபிளில் பொருத்தி, அதற்குக் கையும் கண்ணும் பழகிவிட்டவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் வரும். இருக்கிற ஸ்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, இருட்டில் பார்க்க உதவும் நைட் விஷன் ஆட்-ஆன் ஒன்றைச் சேர்ப்பதா? இல்லை, அதைக் கழற்றிவிட்டுப் பகலுக்கும் இரவுக்கும் பொதுவாக, கேமராவும் திரையும் கொண்ட ஒரு டிஜிட்டல் ஸ்கோப் போடுவதா? விளம்பரங்கள் பிக்சல் கணக்கை முன்னால் வைக்கின்றன. நான் முதலில் பார்ப்பது இரண்டே விஷயம்: சென்சாருக்கு முன்னால் எத்தனை கண்ணாடி இருக்கிறது, சுடும்போது தலை எங்கே இருக்கப் போகிறது.

ஆட்-ஆனில் இரண்டு வகை உண்டு. ஸ்கோப்புக்கு முன்னால் மாட்டுவது ஒன்று, கண் வைக்கும் பக்கம் மாட்டுவது இன்னொன்று.

முன்னால் மாட்டும் பழைய கருவிகளில் பெரும்பாலானவை டியூப் வகை. உள்ளே வரும் மங்கலான ஒளியை எலக்ட்ரான்களாக மாற்றி, அவற்றைப் பல மடங்கு பெருக்கி, பாஸ்பர் திரையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ காட்டும். காலியம் ஆர்சனைடு பூச்சு கொண்ட மூன்றாம் தலைமுறை டியூப் என்றால் நட்சத்திர வெளிச்சமே அதற்குப் போதும். ஐஆர் டார்ச், அதாவது அகச்சிவப்பு ஒளி தரும் விளக்கு, இல்லாமலே பார்க்கலாம். காட்சியில் தாமதம் என்பதே கிடையாது. இந்த இரண்டு விஷயத்தில் இன்றைய டிஜிட்டல் கருவிகள் அதை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. ஆனால் டியூபைப் பகல் வெளிச்சத்தில் திறந்து வைத்தால் கெட்டுப்போகும், விலையும் மிக அதிகம். அமெரிக்கத் தயாரிப்புகளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடும் கடுமை. முன்னால் மாட்டும் கருவி ஸ்கோப்பின் அச்சோடு சரியாகப் பொருந்தவில்லை என்றால் குண்டு விழும் இடமும் நகர்ந்துவிடும். உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட டியூபின் புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகத் தெரியும்.

பலரும் உண்மையில் வாங்க யோசிப்பது பின்னால் மாட்டும் வகையைத்தான். பார்ட் என்வி007 போன்றவை அந்த ரகம். ஒரு சிறு கேமரா, ஒரு குட்டித் திரை, ஒரு ஐஆர் விளக்கு, அவ்வளவுதான். ஸ்கோப்பின் கண்பகுதியில் ஒரு வளையத்தை இறுக்கி, அதில் கருவியைச் சொருகித் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். வளையம் தளர்வாக இருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றி இறுக்குவது எல்லோரும் செய்வதுதான்.

இதன் பெரிய வசதி ஜீரோ, அதாவது குறி வைக்கும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றாகச் சரிசெய்து வைத்தது, மாறாதது. ரெட்டிகிள் (குறிபார்க்கும் குறுக்குக்கோடு) ஸ்கோப்புக்குள்ளேயே இருக்கிறது. கேமரா அதையும் இலக்கையும் சேர்த்துப் பார்க்கிறது. கருவி லேசாகச் சாய்ந்திருந்தால் படம் சாயுமே தவிர, குறி தப்பாது. பேட்டரி தீர்ந்தால் கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் பழையபடி கண்ணாடி வழியே பார்க்கலாம்.

சிக்கல் தொடங்குவது ஒளி வரும் பாதையில். கண்ணாடி ஸ்கோப்பின் லென்ஸ் பூச்சுகள் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காக, அதாவது சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்குமாகப் போடப்பட்டவை. ஐஆர் டார்ச்சின் ஒளியோ 850 அல்லது 940. இலக்கில் பட்டுத் திரும்பி வரும் அந்தக் கொஞ்ச ஒளியும் ஸ்கோப்பின் ஒவ்வொரு லென்ஸிலும் கொஞ்சம் இழந்துதான் கேமராவை எட்டுகிறது. அதே சென்சாரை டிஜிட்டல் ஸ்கோப்பில் வைத்தால் நடுவில் அதற்கென்றே தேர்ந்த லென்ஸ்கள் மட்டும்தான். அதனால் காகிதத்தில் சமமாகத் தெரியும் இரண்டு கருவிகளில், தூரம் கூடும்போது டிஜிட்டல் ஸ்கோப்பின் படம்தான் தெளிவாக நிற்கும்.

ஐஆர் ஒளி குவியும் இடமும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போகும். பகலில் கூர்மையாகத் தெரிந்த ஸ்கோப் இரவில் மங்கலாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். பாரலாக்ஸ் திருகு (தூரத்துக்கு ஏற்பக் குவியத்தை மாற்றுவது) உள்ள ஸ்கோப்பில் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். அது இல்லாத, ஒரே தூரத்துக்கு நிலைநிறுத்திய ஸ்கோப்பில் பின்பக்க ஆட்-ஆன் போடுவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, கருவியிலேயே உள்ள ஐஆர் விளக்கு ஸ்கோப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஒளி ஸ்கோப்பின் உடலிலும் திருகுகளிலும் பட்டுச் சிதறும், படத்தில் நிழலும் விழும். கடைசியில் தனி டார்ச் ஒன்றை வாங்கி ஸ்கோப்பின் மேல் முன்தள்ளி மாட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் ஆட்-ஆனின் கணக்கிலேயே சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் இது எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது தலை இருக்கும் இடம். சாதாரண ஸ்கோப்பில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுமார் 9 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். பின்னால் ஆட்-ஆன் ஏறியதும் அந்த இடத்தைக் கருவி பிடித்துக்கொள்ளும். தலையைப் பின்னால் இழுத்து, கழுத்தை நீட்டி, கன்னம் சரியாகப் பதியாமல் சுட வேண்டும். அப்போதும் கருவியின் ரப்பர் வளையம் கண்ணை ஒட்டித்தான் இருக்கும். காற்றுத் துப்பாக்கியிலும், சிறு குண்டு சுடும் .22 ரிம்ஃபயரிலும் இது சிரமம் மட்டும்தான். பின்னுதைப்பு பலமான ரைஃபிளில் புருவம் கிழியும், கண்ணுக்கே ஆபத்து. அத்தகைய ரைஃபிள் வைத்திருப்பவர் பின்பக்க ஆட்-ஆன் பக்கமே போக வேண்டாம்.

டிஜிட்டல் ஸ்கோப்பில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஹைக்மைக்ரோ ஆல்பெக்ஸ் போன்றவை வழக்கமான 30 மில்லிமீட்டர் வளையத்திலேயே பொருந்தும். பகலில் வண்ணம், இரவில் கறுப்பு வெள்ளை, உள்ளேயே வீடியோ பதிவு. ஜீரோ செய்வதும் எளிது: ஒரு குண்டு சுட்டு, படத்தை உறையவைத்து, ரெட்டிகிளைக் குண்டு விழுந்த இடத்துக்கு நகர்த்தினால் போதும். துப்பாக்கிக்கு ஏற்ப ஜீரோவைத் தனித்தனியே சேமித்தும் வைக்கலாம்.

அப்புறம் இதன் குறைகள். பகல் காட்சியில் நல்ல கண்ணாடிக்கு இது ஈடாகாது. அந்தி நேரத்தில் நிழலுக்குள் நிற்பது மானா, புதரா என்று பிரித்துக் காட்டுவதில் கண்ணாடிதான் ஒரு படி மேல். பேட்டரி போனால் படமும் போனது, மாற்று வழி எதுவும் இல்லை. உருப்பெருக்கமும் ஓரளவுக்கு மேல் டிஜிட்டல் ஜூம்தான். படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறதே தவிர, புதிதாக எந்த விவரத்தையும் தராது. 4கே சென்சார் என்று போட்டிருந்தால் கண்பகுதித் திரையின் அளவையும் தேடிப் பாருங்கள். அது 1280×720 என்றால் நீங்கள் பார்க்கப்போவது அவ்வளவுதான்.

டார்ச் விஷயம் இரண்டுக்கும் பொது. 850 நானோமீட்டர் தூரம் போகும்; ஆனால் விளக்கு முகப்பில் மங்கலான சிவப்புத் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சென்சாருக்கு அந்த அலைநீளத்தில் உணர்திறன் குறைவு, அதனால் எட்டும் தூரமும் குறையும். மூன்றாம் தலைமுறை டியூபோ 900-ஐ ஒட்டியே பார்வையை இழந்துவிடும், அதற்கு 940 டார்ச் வாங்கிப் பயனில்லை.

சில இடங்களில் சட்டமே முடிவை எடுத்துவிடுகிறது. ஜெர்மனியில் 2020-இல் வந்த ஆயுதச் சட்டத் திருத்தம், வேட்டை உரிமம் உள்ளவர்கள் முன்னாலோ பின்னாலோ மாட்டும் ஆட்-ஆன்களை வைத்துக்கொள்ள அனுமதித்தது. ரெட்டிகிளோடு வரும் தனி நைட் விஷன் ஸ்கோப்புக்கான தடை நீடித்தது. ஆகவே பணம் கட்டும் முன் நீங்கள் இருக்கும் இடத்தில் எது செல்லும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், சுடுவது பெரும்பாலும் பகலில், பாரலாக்ஸ் திருகு உள்ள நல்ல ஸ்கோப் கையில், பின்னுதைப்பும் குறைவு என்றால் ஆட்-ஆன் போதும். இரவு வேலைதான் அதிகம் என்றால் டிஜிட்டல் ஸ்கோப்பை வாங்கி, கண்ணாடி ஸ்கோப்பை வேறொரு ரைஃபிளுக்கு மாற்றுவதே சரி. எதை வாங்கினாலும் முதல் சில இரவுகளில் சுட வேண்டாம். தெரிந்த தூரங்களில் சில பொருள்களை வைத்து, எந்தத் தூரம் வரை அது என்னவென்றும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்றும் சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிறது என்று பாருங்கள். வெறும் இரண்டு கண்கள் மின்னுவது அடையாளமாகாது. அந்தச் சோதனையில் வந்த தூரத்தைத் தாண்டி விசையைத் தொடக்கூடாது, பெட்டியில் எத்தனை மீட்டர் என்று அச்சடித்திருந்தாலும்.