செத்த போனுக்கு இன்சூரன்ஸ்: போஸ்ட்பெய்டா, ப்ரீபெய்டா?

மூன்று மாத பில்லை மேஜையில் பரப்பி, கையில் பென்சிலோடு உட்கார்ந்தேன். போன் செலவு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ‘பேசாமல் ப்ரீபெய்டுக்கு மாறிவிடலாம்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நானும் தலையாட்டிவிட்டு மறந்துபோவேன். அன்றைக்கு ஏதோ வேகத்தில் வரி வரியாகப் படித்ததில் ஒன்று மாட்டியது: ‘சாதனப் பாதுகாப்பு’. மூன்று பில்லிலும் அதே தொகை. எந்தச் சாதனம் என்று யோசித்தால், இரண்டு வருஷத்துக்கு முன்பு தண்ணீர் வாளியில் விழுந்து செத்துப்போன போன். போன் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் இன்சூரன்ஸ் மட்டும் மாதாமாதம் உயிரோடு இருந்திருக்கிறது.

போஸ்ட்பெய்டின் குணம் முழுக்க அந்த ஒரு வரியில் தெரியும். பணம் தானாகக் கணக்கிலிருந்து போகும், பில் மெயிலில் வரும், யாரும் திறந்து பார்க்க மாட்டோம். அதில் பணம் ஒழுகுவது மறதி வழியாக. ப்ரீபெய்டில் ஒழுகாதா என்றால், ஒழுகும். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: நாள் கணக்கில். எது மலிவு என்று பார்க்க உட்கார்ந்தால் இரண்டு ஓட்டைகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

போஸ்ட்பெய்டு என்பது ஒரு சின்னக் கடன். கம்பெனி உங்களை நம்பி ஒரு மாதம் சேவை தருகிறது, பிறகு வசூல் செய்கிறது. அதனால்தான் முகவரிச் சான்று, கடன் வரலாறு பார்ப்பது, டெபாசிட், தாமதக் கட்டணம் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. ப்ரீபெய்டில் நிலைமை தலைகீழ்; நீங்கள் கம்பெனியை நம்பி முன்பணம் கட்டுகிறீர்கள். 1995-ல் போர்ச்சுகலின் டி.எம்.என். நிறுவனம் ‘மிமோ’ என்ற பெயரில் ரீசார்ஜ் செய்யும் சிம்மைக் கொண்டுவந்தது. மாதக் கடைசியில் பணம் கட்டுவாரா என்று கம்பெனி சந்தேகப்படும் ஆட்களுக்கு அது தோதாக அமைந்தது. இன்றைக்கு உலகத்தில் இருக்கும் மொபைல் இணைப்புகளில் பெரும்பாலானவை ப்ரீபெய்டுதான். வராக்கடன் பயமும் வசூல் செலவும் இல்லாததால் கம்பெனியால் விலையைக் குறைக்க முடிகிறது. குறைக்க முடியும் என்பதால் குறைத்திருப்பார்கள் என்று அர்த்தமில்லை.

28 நாள் மாதம்

போஸ்ட்பெய்டு பில் வருஷத்துக்கு 12. ப்ரீபெய்டு பேக் பல நாடுகளில் 28 நாள், அதாவது நாலு வாரம். 365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள், 13 ரீசார்ஜ் வரும். எந்தக் காலண்டரிலும் இல்லாத அந்தப் பதின்மூன்றாவது மாதத்துக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம்.

மாத பில் 100 என்றும், அதே அளவு டேட்டா தரும் 28 நாள் பேக் 92 என்றும் வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் 8 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள். பில் 12 x 100 = 1200. பேக் 13 x 92 = 1196. மிச்சம் நாலே நாலு. அதற்காக சிம் மாற்றி, ஆப் மாற்றி, நாள் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டுமா?

அதனால் விளம்பரத்தில் இருக்கும் தொகையை அப்படியே ஒப்பிடக் கூடாது. பேக் விலையை அதன் நாட்களால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள், பக்கத்தில் பில்லை 12ஆல் பெருக்கி எழுதுங்கள். இரண்டிலும் வரி சேர்ந்த தொகையாக இருக்க வேண்டும். பல இடங்களில் ப்ரீபெய்டு விலை வரியோடு சொல்லப்படும், போஸ்ட்பெய்டு விலை வரி இல்லாமல் சொல்லப்படும். அந்த ஒரு விஷயத்திலேயே முடிவு மாறிவிடலாம்.

84 நாள் பேக்கிலும் இதே சங்கதிதான். நாலு தடவை போட்டால் 336 நாள். மீதி 29 நாள் உங்கள் தலையில். ‘நீண்ட கால பேக்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, அடியில் பொடி எழுத்தில் 336 நாள் என்று இருப்பதும் உண்டு. உண்மையாகவே 365 நாள் தரும் பேக்தான் ப்ரீபெய்டு வகைகளில் எனக்குப் பிடித்தது. ஒரே தடவை பெரிய தொகை போகும், வாஸ்தவம். ஆனால் நடுவில் விலை ஏறினாலும் பெரும்பாலும் உங்களைத் தொடாது, மாதாமாதம் தேதி பார்க்கும் வேலையும் இல்லை. ஆபத்து ஒன்றே ஒன்று: வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்று இரண்டாம் வாரம் தெரிந்தால் பணம் திரும்பாது. முதலில் ஒரு 28 நாள் போட்டு, சமையலறை, படுக்கையறை, ஆபீஸ் லிஃப்ட் எல்லா இடத்திலும் பேசிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருஷத்துக்குப் போங்கள்.

நள்ளிரவு விவகாரம்

ப்ரீபெய்டின் உண்மையான சங்கடம், வேலிடிட்டி முடியும் இரவு. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. மறுநாள் காலையில் ஒரு டாக்ஸி பிடிக்க வேண்டும், நெட் இல்லை. ரீசார்ஜ் செய்ய ஆப்பைத் திறந்தால் அதற்கும் நெட் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஹாட்ஸ்பாட் கேட்டு வாங்கினேன். பிறகு பேங்க் ஓ.டி.பி. வரவேண்டும், அது வருவது இதே நம்பருக்கு. நல்லவேளை, வரும் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் இன்னும் நிற்காமல் இருந்தன. இப்படிக் கொஞ்ச நாள் அவகாசம் எல்லாக் கம்பெனியும் தருவதில்லை.

போஸ்ட்பெய்டில் இந்தக் கூத்து கிடையாது. பில் கட்ட நாலு நாள் தாமதமானால் தாமதக் கட்டணம் போடுவார்கள், லைனை உடனே அறுக்க மாட்டார்கள். அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று இதைவிடப் பெரிது. ப்ரீபெய்டு நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் சில மாதம் போட்டுவிட்டால் கம்பெனி அதைத் திரும்ப எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். டிராயரில் கிடக்கும் இரண்டாவது சிம்மில்தான் உங்கள் பழைய பேங்க் கணக்கு இணைந்திருக்கிறது என்றால், அடுத்த ஓ.டி.பி. யாரோ முகம் தெரியாதவர் கைக்குப் போகும். நம்பரை விடுவதாக இருந்தால் முதலில் எல்லாக் கணக்கிலிருந்தும் அதை எடுத்துவிட்டு, பிறகு விடுங்கள்.

ஆட்டோ-பே போட்டுவிட்டால் நள்ளிரவுச் சங்கடம் தீரும்தானே? தீரும். ஆனால் மாதாமாதம் தானாகப் பணம் போகும் ப்ரீபெய்டு என்பது, பில் வராத போஸ்ட்பெய்டு. போன் இன்சூரன்ஸ் கதை அங்கேயும் நடக்கும்.

டேட்டா: காகிதத்தில் 56 ஜி.பி.

தினம் 2 ஜி.பி., 28 நாள். பெருக்கினால் 56 ஜி.பி. பக்கத்தில் போஸ்ட்பெய்டு ‘மாதம் 30 ஜி.பி.’ என்று மெலிந்துபோய் நிற்கும். கண் தானாக 56 பக்கம்தான் போகும்.

வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை இருக்கும் ஒருவர் வேலை நாளில் வெளியே செலவழிப்பது 300 எம்.பி.கூட வராது. மீதி 1.7 ஜி.பி. இரவு 12 மணிக்கு ஆவியாகிவிடும். அதே ஆள் மாதத்தில் ஒரு நாள் ரயிலில் எட்டு மணி நேரம் போகிறார், வீடியோ பார்க்கிறார், 2 ஜி.பி. மத்தியானத்திலேயே காலி. கையில் 56 ஜி.பி. பேக், ஆனால் அன்றைக்குத் தேவைப்பட்ட 5 ஜி.பி. இல்லை. மேலே டாப்-அப் போட வேண்டும். மாத மொத்தமாக வரும் 30 ஜி.பி. இவருக்குத் தாராளம், 15 ஜி.பி.யே போதும். தினமும் ஒரே அளவில் பார்ப்பவருக்கு, அதாவது வீட்டில் வைஃபையே இல்லாமல் போனிலேயே காலம் தள்ளுபவருக்கு, தினசரி பேக் அருமையான பேரம்.

‘அளவில்லாத டேட்டா’ என்ற வார்த்தைக்கு இரண்டு பக்கமும் ஒரே மரியாதைதான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேகம் குறையும். சில பேக்கில் 64 கே.பி.பி.எஸ். வரை இறங்கும். அந்த வேகத்தில் 1 எம்.பி. போட்டோ ஒன்று இறங்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். மெசேஜ் போகும், மேப் திறக்காது. எந்த அளவில் குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்ற இரண்டு எண்களையும் கண்டுபிடித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டவரில் வரிசை

ஒரே டவர், ஒரே மாடல் போன், இரண்டு பேர். கூட்டம் இல்லாத நேரத்தில் இருவருக்கும் ஒரே வேகம். மைதானத்திலோ திருவிழாவிலோ கூட்டம் நெருக்கும்போது ஒருவருக்கு வீடியோ ஓடுகிறது, இன்னொருவருக்குச் சக்கரம் சுற்றுகிறது. 4ஜி தரத்திலேயே ஒவ்வொரு தரவு ஓட்டத்துக்கும் ஒரு வகுப்பு எண் உண்டு. குரல் அழைப்புக்கு 1. சாதாரண இன்டர்நெட்டுக்குப் பெரும்பாலும் 8 அல்லது 9. கம்பெனி நினைத்தால் அதிக விலை போஸ்ட்பெய்டு ஆட்களை 8-லும், மலிவு ப்ரீபெய்டு ஆட்களை 9-லும் வைக்கலாம். நெரிசலில் 9 காத்திருக்கும். எல்லாக் கம்பெனியும் இப்படிச் செய்வதில்லை. செய்பவர்கள் விதிமுறைப் பக்கத்தில் ‘நெரிசல் நேரத்தில் வேகம் குறையக்கூடும்’ என்று எழுதியிருப்பார்கள்.

சொந்த டவரே இல்லாமல், பெரிய கம்பெனியிடம் மொத்தமாக நேரமும் டேட்டாவும் வாங்கிச் சில்லறையாக விற்கும் கம்பெனிகளில் இது இன்னும் முக்கியம். 1999-ல் பிரிட்டனில் விர்ஜின் மொபைல் இந்த வழியில் இறங்கியது; பிறகு பல நாடுகளில் பெருகிவிட்டார்கள். விலையில் இவர்களை அடிக்க ஆள் இல்லை. அதே டவர்தான், சிக்னல் எல்லையில் பெரிதாக மாற்றம் இருக்காது. ஆனால் நெரிசலில் கடைசி வரிசை, வெளிநாட்டு ரோமிங் கொஞ்சம் அல்லது இல்லவே இல்லை, குறை சொல்ல நேரில் போக ஒரு கடைகூட இருக்காது. அமைதியான பகுதியில் இருந்துகொண்டு அளவாகப் பேசும் ஒருவருக்கு, நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

போஸ்ட்பெய்டு ஜெயிக்கும் இடங்கள்

நாலு பேர் குடும்பம் முதல் இடம். ஒரே கணக்கில் நாலு லைன் சேர்த்தால் பல கம்பெனிகளில் இரண்டாவது லைனிலிருந்து விலை சரியும், டேட்டாவும் பொதுவாகிவிடும். நாலு தனித்தனி ப்ரீபெய்டு பேக்கின் வருஷக் கணக்கை எழுதிப் பாருங்கள், சில சமயம் போஸ்ட்பெய்டு கீழே வந்து நிற்கும். அடிக்கடி வெளிநாடு போகிறவரும், ஆபீஸில் பில் காட்டிப் பணம் வாங்குகிறவரும் மாற வேண்டியதில்லை.

வயதான பெற்றோர் விஷயம் தனி. ‘அம்மா எங்கே பெரிதாகப் பேசப் போகிறார்’ என்று 28 நாள் பேக் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். மாதம் ஒரு தடவை லைன் நின்றுபோகும், அவருக்கு ஏன் என்றே தெரியாது, போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருப்பார். அவசரத்துக்கு என்று கொடுத்த போன் அவசரத்தில் வேலை செய்யாமல் போவது இப்படித்தான். அவர்களுக்கு வருஷ பேக் போட்டு, அடுத்த ரீசார்ஜ் தேதியை உங்கள் போனில் அலாரமாக வையுங்கள். இல்லையென்றால் உங்கள் குடும்ப போஸ்ட்பெய்டில் ஒரு லைனாகச் சேர்த்துவிடுங்கள்.

‘இலவச’ போன் தரும் ஒப்பந்தம் போஸ்ட்பெய்டின் வெற்றி இல்லை. போன் விலை 24 மாதமாகப் பிரிந்து பில்லுக்குள் உட்கார்ந்திருக்கும். 25-ஆவது மாதம் போன் கடன் தீர்ந்த பிறகும் பில் அதே தொகையில் வந்தால், ஏற்கெனவே உங்களுடையதாகிவிட்ட போனுக்குத் திரும்பப் பணம் கட்டுகிறீர்கள். பிரிட்டனில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற நுகர்வோர் அமைப்பு, பழைய வாடிக்கையாளர்கள் இப்படி அதிகம் கட்டுவது பற்றி 2018-ல் போட்டி ஒழுங்குமுறை அமைப்பிடம் முறையாகப் புகாரே கொடுத்தது. ஒப்பந்தம் முடியும் தேதி தெரியாதவர்கள் இதைப் படித்து முடித்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

மாறுவதாக இருந்தால்

பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். ரத்தானால் நம்பரும் போய்விடும். லைன் உயிரோடு இருக்கும்போதே புதிய இடத்தில் நம்பரை போர்ட் செய்யக் கேட்க வேண்டும். அது முடிந்ததும் பழையது தானாக மூடிக்கொள்ளும். பாக்கி பில் இருந்தால் கட்டிவிடுங்கள். ஒப்பந்தத்தில் வாங்கிய போன் அந்தக் கம்பெனி சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கலாம், வேறொருவர் சிம்மைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நம்பர் கைமாறும் சில மணி நேரம் ஓ.டி.பி. வராமல் போகலாம், அன்றைக்குப் பெரிய பணப் பரிமாற்றம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு சிம் போடும் போன் இருந்தால் நடுவழி ஒன்றும் உண்டு: ஊருக்கெல்லாம் கொடுத்த நம்பரை மிக மலிவான ப்ரீபெய்டில் உயிரோடு வைத்துவிட்டு, டேட்டாவுக்கு மட்டும் வேறொரு பேக்கை இ-சிம்மில் போடலாம். ஒரு பக்கம் சிக்னல் போனாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

நான் என்ன செய்தேன்? என் நம்பர் வருஷ ப்ரீபெய்டுக்குப் போனது. வேலையாக அடிக்கடி வெளியூர், வெளிநாடு போகும் மனைவியின் நம்பர் போஸ்ட்பெய்டிலேயே இருக்கிறது, பில்லில் இருந்த தேவையில்லாத இரண்டு வரிகளை மட்டும் வெட்டினோம். போர்ட் கேட்பதற்கு முன் அந்த இன்சூரன்ஸை நிறுத்தச் சொல்லி கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டேன். பாட்டுக் கேட்டுக்கொண்டே நெடுநேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண் வந்தார், விவரம் கேட்டார், கொஞ்ச நேரம் எதையோ தட்டினார்.

“தண்ணியில விழுந்ததுக்கும் இதுல கவர் இருந்துச்சே சார்” என்றார். “அப்பவே க்ளெய்ம் பண்ணியிருக்கலாமே.”