சிஎன்ஜி பைக்கில் இருபதாயிரம் கிலோமீட்டர்: மேலூரிலிருந்து ஆண்டிபட்டி கணவாய் வரை

தையல் கடைகளுக்கு நூல்கண்டு, ஜிப், பட்டன், கேன்வாஸ் துணி கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். திங்கள் மேலூர், கொட்டாம்பட்டி. செவ்வாய் செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி. புதன் நத்தம். இப்படி வாரத்தில் ஆறு நாளும் ரோட்டில்தான். நாளுக்கு நூறு கிலோமீட்டர் சாதாரணம். சீட்டுக்குப் பின்னால் ஒரு மூட்டை, இரண்டு பக்கமும் பை, எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து கிலோ பாரம். வீட்டு வாடகைக்கு அடுத்தபடி எங்கள் குடும்பத்தின் பெரிய செலவு பெட்ரோல். அதனால்தான் சிஎன்ஜியில், அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடும் பஜாஜ் ஃப்ரீடம் 125 பைக் வாங்கினேன். எட்டு மாதத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. போகிற கடையிலெல்லாம் "கேஸ் வண்டி எப்படிண்ணே?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள், அப்புறம்தான் பட்டன் விலை. எல்லாருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

2024 ஜூலை 5-ம் தேதி புனேயில் அறிமுகமான வண்டி இது. கம்பெனியிலேயே சிஎன்ஜிக்கென்று செய்து விற்பனைக்கு வந்த உலகின் முதல் பைக். 125 சிசி எஞ்சின், 9.5 குதிரைசக்தி. சீட்டுக்கு அடியில் 2 கிலோ பிடிக்கிற கேஸ் சிலிண்டர், அதோடு 2 லிட்டர் பெட்ரோல் டேங்க். கிலோவுக்கு 102 கிலோமீட்டர் ஓடும், இரண்டும் சேர்த்தால் 330 கிலோமீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. அறிமுகமானபோது ஷோரூம் விலை மாடலைப் பொறுத்து 95,000 முதல் 1,10,000 ரூபாய் வரை இருந்தது.

என் பாரத்தோடு, என் ரோட்டில், கேஸில் கிலோவுக்கு 85 கிலோமீட்டர் கிடைக்கிறது. பெட்ரோலில் லிட்டருக்கு 60. மாதம் 2,600 கிலோமீட்டர் ஓட்டினால் அதில் 2,200 கேஸில் ஓடும், மிச்சம் பெட்ரோலில். கேஸ் கிலோ தொண்ணூறு ரூபாயை ஒட்டி, பெட்ரோல் நூறைத் தாண்டி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,000 ரூபாய் சொச்சம். முன்பு வைத்திருந்த வண்டி லிட்டருக்கு 50 கொடுத்தது, அதற்கு மாதம் 5,200-க்கு மேல் போனது. ஆக, மாதம் 2,200 ரூபாய் மிச்சம். என் மகள் டியூஷன் பீஸ் அதிலிருந்துதான் போகிறது.

இப்போது பங்க் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். என் நாளை நல்ல நாளாகவோ கெட்ட நாளாகவோ ஆக்குவது பங்க்தான்.

எல்லா பங்க்கிலும் கேஸ் குழாய் வழியாக வருவதில்லை. சென்னை பக்கம் எண்ணூரில் 2019-ல் தொடங்கிய எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையத்திலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை போகும்படி குழாய்த்தடம் திட்டமிட்டிருக்கிறார்கள். குழாய் சேராத பங்க்குக்கு லாரியில் சிலிண்டர் அடுக்கு வந்து நிற்கும். அதிலிருந்துதான் நமக்கு அடிப்பார்கள். லாரி வந்த புதிதில் அழுத்தம் நன்றாக இருக்கும். நாலு ஆட்டோ, பத்து கார் அடித்துப் போனபிறகு அழுத்தம் இறங்கிவிடும். நம் சிலிண்டருக்கு 200 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தம் வேண்டும், அங்கே அவ்வளவு இருக்காது. மீட்டர் 1.3, 1.4 கிலோவிலேயே நின்றுவிடும். பையன் நாசிலைக் கழற்றும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் சுருக்கென்று முடிந்தால் அன்றைக்குக் குறைவாக ஏறியிருக்கிறது என்று எனக்கு இப்போது காதாலேயே தெரிகிறது.

வெயில் இன்னொரு எதிரி. சூடான கேஸ் விரிந்து நிற்பதால் அதே அழுத்தத்தில் எடை குறைவாகத்தான் பிடிக்கும். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு வண்டியை வெயிலில் போட்டுவிட்டுப் போய் நிரப்பினால் கிலோக் கணக்கில் நஷ்டமில்லை, எவ்வளவு ஏறியதோ அதற்குத்தான் காசு. ஆனால் தூரம் குறைந்துவிடும், மறுநாள் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆட்டோ அண்ணன் ஒருவர். "தம்பி, மத்தியானம் வந்து ஏன் நிக்கிறீங்க? ராத்திரி பத்து மணிக்கு மேல வாங்க. லாரி வந்து நிக்கும், காத்தும் குளுந்திருக்கும், ஃபுல்லா ஏறும்" என்றார். அன்றிலிருந்து ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு நடை போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன். பத்து நிமிஷ வேலை. பகலில் அதே இடத்தில் முப்பத்தைந்து நிமிஷம் நின்றிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நன்றாகவே மாட்டிக்கொண்டேன். முந்தின ராத்திரி பங்க்கில் லாரி வரவில்லை. காலையில் இருந்ததை அடித்துக்கொண்டு கிளம்பினேன். ஆண்டிபட்டியில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது கணவாய் ஏற்றத்தில் வண்டி இழுவை குறைந்து திணறியது. கேஸ் தீர்ந்துவிட்டது. கட்டைவிரலால் இடது கைப்பிடியில் இருக்கும் சுவிட்சைப் பெட்ரோலுக்குத் தள்ளினேன். வண்டி நிற்காமல் தொடர்ந்தது. வழியில் ஒரு பங்க்கில் "கேஸ் இல்லை" என்று அட்டை தொங்கியது. அந்த இரண்டு லிட்டர் டேங்க் இல்லாவிட்டால் கணவாயிலேயே மூட்டையோடு உட்கார்ந்திருப்பேன். இந்த வண்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்ன என்று கேட்டால் அந்தச் சின்ன டேங்க்தான் என்பேன். பங்க் பெருகும்வரை பாலமாக நிற்பது அது.

ஒரு எச்சரிக்கை. கேஸில் மட்டுமே ஓட்டிப் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாதீர்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நான் ஞாயிறு காலை கறிக்கடைக்குப் போகும்போது பெட்ரோலில்தான் போவேன். பழசு தீர்ந்து புதுசு ஏறிக்கொண்டே இருக்கும்.

இழுவை பற்றிச் சொல்ல வேண்டும். சமதளத்தில் குறையில்லை. நத்தம் ரோட்டு மேம்பாலத்தில், ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஒரே நீட்டம், காற்று மட்டும் முகத்தில் அடிக்கும், ஐந்தாவது கியரில் அறுபதில் அலுங்காமல் போகும். ஏற்றத்தில் கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் தெரியும். வேகம் பார்க்கிற பையன்களுக்கு இந்த வண்டி வேண்டாம். எடை 149 கிலோ, சீட் உயரம் 825 மில்லிமீட்டர். நான் ஐந்தடி நாலங்குலம், சிக்னலில் நுனிக்கால்தான் ஊன்ற முடிகிறது. மூட்டையோடு கீழமாசி வீதி நெரிசலில் பின்னால் தள்ளுவது கஷ்டம். ஆனால் அந்த நீள சீட் மூட்டை கட்ட அவ்வளவு தோது. கேஸ் வாயும் பெட்ரோல் வாயும் டேங்க் மேலேயே ஒரே மூடிக்குள் இருப்பதால் மூட்டையை அவிழ்க்காமலே நிரப்பலாம். இதை யோசித்துச் செய்தவருக்கு நன்றி.

வண்டி வாங்கிய அன்று அம்மா வாசலிலேயே நின்றுவிட்டது. "சிலிண்டர் மேலயாடா உக்காந்து போகப்போற?" அடுப்பு கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், அதுதான் ஆபத்து. சிஎன்ஜி காற்றைவிட லேசு, திறந்த வெளியில் கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். அறிமுக விழாவில் வண்டி மேல் லாரியை ஏற்றிச் சோதித்த படத்தையும் காட்டினேன். அம்மாவுக்குப் பாதி சமாதானம். மீதிக்குச் சிலிண்டரின் சோதனைத் தேதி எழுதிய தகட்டைக் காட்டினேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்தாக வேண்டும், தேதி தாண்டினால் பங்க்கில் கேஸ் அடிக்க மாட்டார்கள். வாங்குகிறவர்கள் அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பயமே இல்லை. அவர் டீசல் புல்லட் ஓட்டியவர். டாரஸ் என்று பெயர், 325 சிசி, ஆறரை குதிரைசக்தி. திருமங்கலம் சந்தைக்கு விடியற்காலை கிளம்பினால் தெருவே எழுந்துவிடும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் அந்த வண்டியின் உற்பத்தி நின்றது. அப்பா என் வண்டி பக்கத்தில் குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஓடுறதே தெரியலையேடா" என்றார். அப்புறம் சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். கரி ஒட்டவில்லை. விரலை என்னிடம் காட்டினார். எட்டு மாதத்தில் என் வண்டிக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ் அதுதான்.

மாற்று எரிபொருள் மதுரைக்குப் புதிதில்லை. 1912-ல் மதுரையில் பஸ் விடத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்று, கரியிலிருந்து கேஸ் எடுக்கும் ஒரு சாதனத்தை இங்கே செய்துகொடுத்தார். அதில் பஸ்கள் ஓடின. பெட்ரோல் இல்லையென்றால் வேறு வழி பார்க்கிற ஊர் இது.

வேறு வழிகளையும் நான் பார்க்காமல் இல்லை. என் மனைவி எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். அண்ணா நகரிலிருந்து மாட்டுத்தாவணி, பள்ளிக்கூடம், கடைத்தெரு. ராத்திரி வாசலில் பிளக் போட்டால் காலையில் தயார். ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை, தாராளமாக வாங்குங்கள். நான் பாரத்தோடு நூறு கிலோமீட்டர் போய் நடுவில் இரண்டு மணி நேரம் சார்ஜுக்காக உட்கார முடியாது. எத்தனாலுக்கென்றே செய்த பைக்கை டிவிஎஸ் 2019-லேயே கொண்டுவந்தது. பிரேசிலில் பெட்ரோல், எத்தனால் எதை ஊற்றினாலும் ஓடும் பைக் 2009-லேயே வந்துவிட்டது. நம் ஊரில் எத்தனால் மட்டும் விற்கும் பங்க் எனக்குப் பக்கத்தில் இல்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் விலையும் அந்த அளவுக்குக் குறைந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஹைட்ரஜனில் ஓடும் பைக்கைக் கவாசாகி 2024-ல் ஜப்பானில் ஓட்டிக் காட்டியது. என் பேரன் ஓட்டட்டும்.

என் மனசில் கிடக்கும் ஆசை வேறு. சிஎன்ஜியும் மண்ணுக்கடியிலிருந்து வருவதுதான், நம் நாட்டுத் தேவையில் பாதி அளவுக்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறது. ஆனால் சாணத்திலும் காய்கறிக் கழிவிலும் வரும் சாண எரிவாயுவைச் சுத்தம் செய்து அழுத்தினால் அதுவும் சிஎன்ஜியில் இருக்கிற அதே மீத்தேன் வாயுதான். என் சிலிண்டரில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல் அதை நிரப்பலாம். இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை ஒரு நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து 17,000 கிலோ கேஸ் எடுக்கும் அளவில் கட்டப்பட்டது. என் வண்டிக் கணக்கில் அது நாளுக்குப் பதினாலு லட்சம் கிலோமீட்டர். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும், முட்டைக்கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் வாழைத்தாரும் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். அதைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் சாணத்துக்குப் பஞ்சமா? அந்தக் கேஸ் பக்கத்திலேயே உற்பத்தியானால் லாரி வரக் காத்திருக்க வேண்டாம், கணவாயில் திணறவும் வேண்டாம். இந்த வண்டியை வாங்கியதற்கு மிச்சப் பணம் ஒரு காரணம் என்றால், அந்த நாளுக்கு ஏற்கெனவே தயாராக இருக்கிற வண்டி என்பது இன்னொன்று.

போன வாரம் உசிலம்பட்டியில் ஒரு டெய்லர் அண்ணன் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வாங்கிரவா தம்பி?" என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். "வீடு, கடை, அங்கிட்டு இங்கிட்டுன்னு எட்டுக் கிலோமீட்டர் வரும்." கேஸ் பங்க் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார். வீட்டிலிருந்து கடை இருக்கிற தூரத்தைவிடப் பல மடங்கு.

"அப்ப வேண்டாம்ண்ணே" என்றேன். "அண்ணிகிட்ட கேட்டு எலக்ட்ரிக் பாருங்க." அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. பன்னிரண்டு டஜன் பட்டனும் கறுப்பு ஜிப் ஒரு கட்டும் எடுத்துக்கொண்டார். சாவியை வாங்கி, கடை வாசலிலிருந்து தேவர் சிலை வரை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார்.