கண்ணில் ஆட்டு ஈயின் புழு: ஒரு கண் மருத்துவமனை பற்றிய மதிப்பீடு

எங்கள் மாவட்டத் தலைநகரில் பேருந்து நிலையத்தை ஒட்டி இயங்கும் தனியார் கண் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவைப் பற்றியது இந்த மதிப்பீடு. கிடை போட்டு ஆடு மேய்க்கும் என் சித்தப்பாவின் வலக்கண்ணில் ஈ ஒன்று மோதிச் சென்ற அன்றிரவே கண் சிவந்து, நீர் வடிந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தத் தொடங்கியது. ஊரில் முதலில் பார்த்த இடத்தில் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மெட்ராஸ் ஐக்கும் கண்ணில் புழு விழுவதற்கும் அறிகுறிகள் ஒத்திருப்பதால் அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது.

இங்கோ, மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "ஐயா, ஆடு மாடு வளர்க்கிறீர்களா?" என்பதுதான். செம்மறி, வெள்ளாடுகளின் மூக்கைத் தாக்கும் ஒருவகை ஈ முட்டையிடுவதில்லை என்றும், பறந்தபடியே உயிருள்ள இளம்புழுக்களை மூக்குத்துளையை நோக்கிப் பீச்சிவிடும் என்றும், அவை சில நேரம் மனிதர் கண்ணிலும் விழுந்துவிடும் என்றும் பொறுமையாக விளக்கினார். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியோடு இணைந்த திரையில் அந்தப் புழுக்களை நானும் பார்த்தேன்: ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒளி ஊடுருவும் வெண்ணிற உடல், வாயருகே கறுப்புக் கொக்கிகள். வெளிச்சம் பட்டதும் அவை இமை மடிப்புக்குள் நகர்ந்து ஒளிந்துகொள்வதால், விளக்கைத் தணித்து, மரத்துப்போகும் சொட்டு விட்டு, மேலிமையையும் பிரட்டி, நுண்ணிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். கொக்கியால் பற்றிக்கொள்ளும் புழு வெறுமனே கழுவினால் எளிதில் வராதாம். இந்த ஈயின் புழு பெரும்பாலும் கண்ணின் மேற்படலத்தோடு நின்றுவிடும், மனித உடலில் முழுவளர்ச்சி அடையாது என்றபோதும், உள்ளே ஊடுருவியிருந்தால் பார்வையே போகக்கூடும் என்பதால் கண் பாப்பாவை (கருவிழியின் நடுத்துளையை) விரியவைத்து விழித்திரையையும் சோதித்தார். மறுநாள் வரச்சொல்லி இமைகளை மீண்டும் பிரட்டிப் பார்த்ததும் எனக்கு நிறைவளித்தது.

குறைகள் எல்லாம் மருத்துவரின் அறைக்கு வெளியேதான். கண்ணாடி மாற்ற வந்தவர்களுக்கும் கண்ணைத் திறக்க முடியாமல் வந்தவருக்கும் ஒரே டோக்கன் வரிசை. வரவேற்பில் விசாரித்து முன்னால் அனுப்ப ஆளில்லை. பாப்பாவை விரிக்கும் மருந்தால் சில மணிநேரம் பார்வை மங்கும் என்பதைச் சொட்டு விட்ட பிறகே செவிலியர் சொன்னார். துணைக்கு ஆளின்றி வந்திருந்தால் சித்தப்பா பேருந்தின் பலகையைக்கூடப் படித்திருக்க முடியாது. ரசீதிலும் புழு எடுத்ததற்கு எவ்வளவு, சோதனைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை; கேட்ட பிறகே எழுதிக் கொடுத்தார்கள். சிகிச்சைக்காக மட்டும் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன்; வரவேற்புக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.