ஹம்பியா, பாதாமியா? வீட்டுப் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு

வடகர்நாடகத்தில் குடும்பத்தோடு நாலைந்து நாள் சுற்ற எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஹம்பி என்றுதான் சொல்வார்கள். புது ஐம்பது ரூபாய் நோட்டின் பின்பக்கமே அங்கிருக்கும் கல்தேர்தானே இருக்கிறது. நாங்கள் மாசிக் கடைசியில், எழுபதை நெருங்கும் அப்பா அம்மாவையும் பள்ளிக்கூடம் போகும் பையனையும் கூட்டிக்கொண்டு பாதாமிக்குப் போனோம். ஹம்பியை நான் பார்த்தது நண்பர்களோடு, வாடகை ஸ்கூட்டரில். அதனால் அங்கே பெரியவர்களோடு சுற்றுவது பற்றி நான் சொல்வதில் பாதி கணிப்புதான்.

பெருமையில் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. ஹம்பி 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பாதாமியை ஒட்டிய பட்டடக்கல் கோயில்கள் 1987இல். ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசபேட்டைக்கு ஹம்பி எக்ஸ்பிரஸ், பாதாமிக்கு கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் என்று இரண்டுக்கும் பெங்களூரிலிருந்து ரயில் இருக்கிறது. ஜோள ரொட்டியும் (சோள ரொட்டி) எண்ணெய்க் கத்திரிக்காயும் இரண்டு பக்கமும் கிடைக்கும். தங்குமிடத்தில் மட்டும் பாதாமி பின்தங்குகிறது. நல்ல அறைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், முன்னாலேயே பதிவு செய்துவிடுங்கள். ஊரும் பார்க்க லட்சணமாக இருக்காது. மெயின் ரோட்டில் தூசியும் ஹாரனும்தான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது நிழல். இதைப் பயணக் கட்டுரைகளில் யாரும் பெரிதாக எழுதுவதில்லை.

ஹம்பிதான் அன்றைய விஜயநகரம். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு அது சூறையாடப்பட்டது. அரண்மனைகளுக்கு அடித்தளம் கல், மேலே எழுப்பியது மரம். மரம் போய்விட்டது, கல்மேடைகள் மட்டும் மிச்சம். அரச வளாகத்தில் நீங்கள் பார்க்கிற மகாநவமி திப்பா என்ற உயரமான கல்மேடை, படிக்கட்டுக் குளம், அரசவை மண்டபத்தின் அடிமேடை எல்லாமே வெட்டவெளி. சுற்றிலும் கருங்கல் பாறைகள், பதினொரு மணிக்கெல்லாம் தோசைக்கல்லாகிவிடும். கோயில் மண்டபங்களில் ஒதுங்கலாம், ஆனால் ஒரு மண்டபத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கிலோமீட்டர் கணக்கில் வெயில். விட்டலர் கோயிலுக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பேட்டரி வண்டி உண்டு. கூட்ட நாளில் அதற்கே வரிசையில் நிற்க வேண்டும். விட்டலர் கோயில், தாமரை மகால் வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் ஒரே டிக்கெட், அன்றைக்கு மட்டும் செல்லும். வாங்கிய டிக்கெட்டை வீணாக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், நடுவெயிலில் அலைய இது ஒன்றே போதும்.

பாதாமிக் குகைக் கோயில்கள் மணற்கல் மலையைக் குடைந்தவை. ஏறக்குறைய வடக்குப் பார்த்தவை, முகப்பிலேயே தூண்களோடு தாழ்வாரம் இருப்பதால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். வெயில் ஏறினாலும் அவசரமில்லாமல் ஒவ்வொரு சிற்பத்தின் முன்னாலும் நிற்கலாம். முதல் குகையில் பதினெட்டுக் கை நடராஜர். அங்கேயே, காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு சிற்பம் இருக்கிறது. பையன் ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்துக் காளையாக்கினான், மறுபக்கத்தை மறைத்து யானையாக்கினான். நகரவே மாட்டேன் என்றான். "இதைத்தான்டா தாராசுரத்துலயும் பார்த்தோம்" என்றார் அம்மா. தாராசுரம் பல நூற்றாண்டு பிந்தியது. மூன்றாவது குகையில், சாளுக்கிய அரசன் கீர்த்திவர்மன் காலத்தில் அவன் தம்பி மங்களேசன் வைத்த கல்வெட்டு, 578ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆதிசேஷன் மேல் ஹாயாக உட்கார்ந்திருக்கும் விஷ்ணு அங்கேதான். நான் அதிக நேரம் நின்றதும் அங்கேதான்.

ஆனால் படிகள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து மூன்றாவது குகை வரை ஏறிவிட்டார். அப்பா இரண்டாவது குகைத் தாழ்வாரத்தோடு நிறுத்திக்கொண்டு, கீழே அகஸ்தியர் ஏரியில் துணி துவைப்பவர்களை வேடிக்கை பார்த்தார். மூட்டுவலி மோசமாக இருப்பவர்களுக்கு என் கணக்கு தலைகீழாகும். ஹம்பியில் முக்கியமான இடங்கள் பெரும்பாலும் சமதளம். அப்புறம் குரங்குகள். தின்பண்டப் பை வெளியே தெரிந்தால் அது உங்களுடையது இல்லை.

பாதாமியிலிருந்து இருபத்திச் சொச்சம் கிலோமீட்டரில் பட்டடக்கல். மலப்பிரபா கரையில், ஒரே வளாகத்துக்குள் கோயில்கள், படி ஏறும் தொந்தரவு அதிகமில்லை, கூரைகளும் அப்படியே நிற்கின்றன. நம்மவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சுவை உண்டு. பாதாமிதான் பழைய வாதாபி, சாளுக்கியர் தலைநகர். 642 வாக்கில் நரசிம்மவர்மப் பல்லவன் அதைக் கைப்பற்றினான். அவன் வெட்டிய கல்வெட்டு சிதைந்த நிலையில் ஊரில் இன்னும் இருக்கிறது. நூறு வருஷம் கழித்து சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். கைலாசநாதர் கோயிலை இடிக்காமல், அதன் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்துக் கன்னடத்தில் கல்வெட்டும் வைத்துவிட்டுப் போனான். அந்த வெற்றிக்காக அவன் ராணி லோகமகாதேவி எழுப்பியதுதான் பட்டடக்கல் விரூபாட்சர் கோயில். காஞ்சியை நன்றாகப் பார்த்தவர்களுக்கு விமானத்தைப் பார்த்ததும் கைலாசநாதர் கோயிலின் சாயல் பொறிதட்டும். பட்டடக்கல்லிலிருந்து, பழைய கோயில்கள் நிறைந்த ஐஹொளேவுக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்குள்ள மேகுடிக் கோயிலுக்கு மட்டும் குன்றேற வேண்டும்.

காடு, விலங்கு என்று பார்த்தால் ஹம்பிதான். கமலாபுரத்துக்கு அருகிலுள்ள தரோஜி சரணாலயத்தில் பாறைகளில் தேனும் வெல்லமும் கலந்த கலவையைப் பூசி வைக்கிறார்கள், மதியத்துக்கு மேல் கரடிகள் இறங்கி வந்து நக்குவதைக் கோபுரத்திலிருந்து பார்க்கலாம். துங்கபத்திரையில் பரிசல் போகலாம். பாதாமியில் சாயங்காலம் பூதநாதர் கோயில் படியில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கலாம், இயற்கை என்று நான் அனுபவித்தது அவ்வளவுதான். மழைக்காலத்தில் மலையிலிருந்து ஏரிக்குள் அருவி கொட்டும் என்றார் ஆட்டோக்காரர். அந்தப் பருவத்தில் நான் போனதில்லை.

இருபது வயதில், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு போகிற கூட்டம் என்றால் யோசிக்காமல் ஹம்பிக்குப் போங்கள். அப்பா அம்மாவோடு என்றால் பாதாமி, அதுவும் ஐப்பசியிலிருந்து மாசிக்குள். இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இடைவெளி ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஹொசபேட்டையில் இறங்கிப் பாதாமியில் ரயில் ஏறும்படி டிக்கெட் எடுங்கள். நடுவில் டாக்ஸி பிடித்தால் ஒரு வழிக்கும் திரும்பு கட்டணம் சேர்த்துத்தான் கேட்பார்கள், வண்டியில் ஏறுமுன்பே பேசிவிடுங்கள்.