படத்தில் பளபளத்த 1911 ரூபாய்: பணம் அனுப்பும் முன் விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள்

வாட்ஸ்அப் குழுக்களில் ஏலம் கேட்டுப் பழைய காசு வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். நான் 6,800 ரூபாய் அனுப்பிய பிறகுதான் பாடம் படித்தேன்.

வாங்கியது ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1911 வெள்ளி ரூபாய். சேகரிப்பவர்கள் 'பன்றி ரூபாய்' என்பார்கள். மன்னரின் அங்கியில் இருக்கும் யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. வெளிவிட்ட காசுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனால் இந்த ஒரு வருடக் காசுக்குத் தனிக் கிராக்கி. என் ஆல்பத்தில் 1912-க்குப் பிந்தையவை இருந்தன, இதன் இடம் மட்டும் காலி. அந்த ஆசைதான் கண்ணை மறைத்தது.

விற்றவர் போட்டது இரண்டே படம்: தலை ஒன்று, பூ ஒன்று. வெள்ளை அட்டை ஹோல்டரில் பின் அடித்து, சிவப்புத் துணியின் மேல் வைத்து எடுத்தவை. காசு பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. "ஏயு கிரேடு சார், கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றார். ஏயு என்றால் புழக்கத்துக்கே போகாத காசுக்கு ஒரு படி கீழே. கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்திருக்கிறேன்.

கூரியர் வந்தது. பத்து மடங்கு லென்ஸை வைத்ததுமே வயிற்றைக் கலக்கியது. மன்னர் முகத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம் முழுக்க மயிரிழைக் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாகப் பொடி. குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்ப்போமே, அதே வேலையை இதன் மேலும் யாரோ செய்திருக்கிறார்கள்.

அட்டையிலிருந்து காசை வெளியே எடுத்ததும் இன்னொன்று. மன்னர் தலைக்கு நேர் மேலே விளிம்பில் நாலு மில்லிமீட்டருக்குப் பற்களே இல்லை, மொழுக்கென்று இருந்தது. அந்த இடம் மட்டும் கொஞ்சம் மங்கல் நிறம். பெரிய கடைவீதியில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது யாரோ கழுத்துல தொங்கின காசு தம்பி. வளையத்தைக் கழட்டிட்டு, பற்றாசு தெரியாம அரம் போட்டிருக்காங்க." பற்றாசு என்றால் வளையத்தை ஒட்டவைத்த உலோகம்.

நம் பக்கத்தில் வெள்ளி ரூபாயை வளையம் வைத்துப் போட்டுக்கொள்வது சாதாரணம், அது குற்றமில்லை. அதை மறைத்து ஏயு என்று விற்றதுதான் அயோக்கியத்தனம். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனங்கள் இப்படித் தேய்த்த, வளையம் கழற்றிய காசுக்கு எழுபதுக்கு இத்தனை என்று எண்ணே தருவதில்லை. குறையைச் சொல்லி 'டீடெயில்ஸ்' என்று எழுதிவிடுவார்கள்.

விற்றவரைக் கேட்டேன். "போட்டோ பார்த்துத்தானே சார் வாங்கினீங்க? ரிட்டர்ன் கிடையாதுன்னு ரூல்ஸ்லயே இருக்கு." அட்மின் வாயே திறக்கவில்லை.

அன்று ராத்திரி அதே படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறிப்பு எல்லாம் அதிலேயே இருந்தது, எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. சிவப்புத் துணி ஓரத்தில் ரோஸ் நிறமாக வெளுத்திருந்தது. ஹோல்டரில் அடித்த பின்னுக்கு நிழலே இல்லை. அட்டையே வெளுத்துப்போகிற அளவுக்கு வெளிச்சம் கொடுத்தால் வெள்ளியில் இருக்கும் கீறல் எப்படித் தெரியும்? நான் லஸ்டர், அதாவது புதுக் காசுக்கே உரிய பளபளப்பு, என்று நினைத்தது வெறும் விளக்கு வெளிச்சம்.

அசல் லஸ்டர் வேறு. அச்சு அடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி வழிந்து நுண்கோடுகள் விழும். காசைச் சாய்த்தால் அவற்றின் மேல் வெளிச்சம் சைக்கிள் ஸ்போக்ஸ் மாதிரி சுற்றிவரும். தேய்த்த காசு எவர்சில்வர் தட்டு மாதிரி மொத்தமாக மின்னும். நின்ற படத்தில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. அதனால் இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டும் பத்து விநாடி வீடியோ கேட்கிறேன். அப்புறம் ஹோல்டரிலிருந்து எடுத்து விளிம்பைச் சுற்றிலும் காட்டச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அட்டை மூடி வைத்திருந்தது விளிம்பைத்தான்.

தராசுப் படமும் கேட்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். புதுக் காசு 11.66 கிராம், என்னுடையது 11.48. நேர்மையாகப் புழங்கித் தேய்ந்த காசும் அந்த எடைக்கு வரும்.

நேற்று அதே குழுவில், அதே சிவப்புத் துணியில், 1862 விக்டோரியா ரூபாய் ஒன்று வந்தது. பால் வெள்ளை. விளிம்புப் படம் கேட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் இல்லை.