நேபாளப் பள்ளியில் தன்னார்வப் பணி: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"இமயமலை அடிவாரக் கிராமத்தில் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள், உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குங்கள், சான்றிதழோடு திரும்புங்கள்." இந்த மாதிரி விளம்பரம் இப்போது தமிழிலேயே வர ஆரம்பித்துவிட்டது. அப்படி ஓர் ஏஜென்சி மூலம் 2023 அக்டோபரில் நான் நேபாளம் போனேன். நேபாளத்தையோ அந்த ஊர் மக்களையோ குறை சொல்ல இதை எழுதவில்லை. நடுவில் நின்று காசு பார்ப்பவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். லீவுக்குப் போகலாம் என்று யோசிப்பவர்கள், குறிப்பாகக் கல்லூரி முடித்த பிள்ளைகள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் கட்டியது 58,000 ரூபாய், இந்திய ரூபாய். விமான டிக்கெட் தனி. அந்தத் தொகையில் தங்குமிடம், சாப்பாடு, காத்மாண்டுவில் அறிமுகப் பயிற்சி, "பள்ளி வளர்ச்சி நிதி" 20,000 எல்லாம் அடக்கம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நவராத்திரி நேரத்தில்தான் அங்கே தசைன் பண்டிகை வரும், பள்ளிகளை மூடிவிடுவார்களே என்று பணம் கட்டும் முன்பே கேட்டேன். "எங்கள் பள்ளிகளில் சிறப்பு வகுப்பு நடக்கும், கவலை வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அறிமுகப் பயிற்சி என்பது காத்மாண்டுவில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் தமேல் பகுதியில் ஒரு ஹோட்டல் மாடியில் மோமோ சாப்பிட்டுக்கொண்டே பார்த்த வீடியோ. அங்கேதான் மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்தேன். என்னைவிட அவள் அதிகம் கட்டியிருந்தாள். விமானநிலையத்தில் யாராவது கேட்டால் சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொல்லச் சொன்னார்களாம். "அக்கா, நல்ல காரியத்துக்குத்தானே வந்திருக்கோம், எதுக்குப் பொய் சொல்லச் சொல்றாங்க?" என்று கேட்டாள். காரணம் இருக்கிறது. சுற்றுலா விசாவில் வருபவர்கள் சம்பளத்துக்கு மட்டுமல்ல, சம்பளமில்லாமலும் அங்கே வேலை செய்யக்கூடாது. இந்தியர்களுக்கு நேபாளம் போக விசாவே வேண்டாம், அதனால் எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கைத் தமிழர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மாட்டினால் அபராதமும் அவமானமும் உங்களுக்குத்தான். ஏஜென்சிக்காரன் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

என்னை அனுப்பியது தனஹுன் மாவட்டத்துக்கு. காத்மாண்டு–பொக்காரா சாலையில் டும்ரே வரை பஸ். அப்போது முக்ளிங்குக்கு அப்பால் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள், ஒரே புழுதி. டும்ரேயிலிருந்து ஜீப்பில் மலையேறினால் கிராமம். பள்ளி அரசு உதவியோடு நடக்கும் சமுதாயப் பள்ளி, கல் சுவர், தகரக் கூரை. விளம்பரப் படத்தில் இருந்த அதே பள்ளிதான், அதில் பொய்யில்லை.

நான் போன நேரம் தசைனுக்கு முந்தைய பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியரை அங்கே 'ஹெட் சார்' என்கிறார்கள். மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, அவர் கேட்ட முதல் கேள்வி: "மேடம், உங்களை எதற்கு இப்போது அனுப்பினார்கள்?" தசைனின் முதல் நாளான கடஸ்தாபனா அன்று பள்ளி மூடிவிடும், இடையில் கொஞ்ச நாள் திறந்தாலும் அங்கத்துத் தீபாவளியான திஹார் முடிந்துதான் ஒழுங்காக வகுப்பு நடக்கும், இது எல்லா வருடமும் இப்படித்தான், ஏஜென்சிக்கும் தெரியும் என்றார். சிறப்பு வகுப்பு என்ற ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

வளர்ச்சி நிதி பற்றிக் கேட்டேன். அவர் எழுந்து போய் ஒரு தடிமனான பதிவேட்டை எடுத்து வந்து மேசைமேல் விரித்தார். சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. பள்ளிக்கு வந்த நன்கொடை எல்லாம் தேவநாகரியில், நேபாள நாட்காட்டியான விக்ரம் ஆண்டுக் கணக்கில் வரிசையாக எழுதியிருக்கிறது. விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். அந்த ஏஜென்சி பெயரில் இருந்தது ஒரே ஒரு வரி: இரண்டு வெள்ளைப் பலகை, ஒரு கால்பந்து. ரொக்கம் என்று ஒரு பைசாவும் இல்லை. நான் கட்டிய தொகையைச் சொன்னேன். நேபாள ரூபாயில் எவ்வளவு என்று கேட்டார். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், அவரே கால்குலேட்டரில் போட்டார். 92,800 என்று வந்ததும் தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதுவரை வந்துபோன ஒருவரும் எவ்வளவு கட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. பள்ளிக்கு ஆளை இலவசமாக அனுப்புவதாகத்தான் ஏஜென்சி சொல்லியிருக்கிறது.

"உங்கள்மேல் வருத்தமில்லை மேடம். எங்களுக்கு வேண்டியது கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எஸ்.இ.இ. பொதுத் தேர்வில் அதில்தான் விழுகிறார்கள். அவர்கள் அனுப்புவதோ மூன்று வாரம் ஆங்கிலப் பாட்டுச் சொல்லித் தருபவர்கள். வேண்டாம் என்று சொன்னால் பலகைகூட வராது." நான் கணக்கு ஆசிரியை. விண்ணப்பத்தில் அதை எழுதியும் இருந்தேன். என்னை ஒதுக்கியிருந்ததோ நான்காம் வகுப்பு ஆங்கிலத்துக்கு.

அந்த வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் நோட்டைக் காட்டினாள். அதைப் பார்த்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. முதல் பக்கத்தில் 'மை நேம் இஸ்', வண்ணங்கள், பழங்கள், ஓரத்தில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். நாலைந்து பக்கம் தள்ளி வேறு கையெழுத்தில் மறுபடி 'மை நேம் இஸ்', வண்ணங்கள், பழங்கள். அப்புறம் இன்னொரு கையெழுத்து, இன்னொரு ஸ்டிக்கர். ஒவ்வொரு புதுமுகமும் வந்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பீரியட் எல்லாம் அவர்களுடைய சொந்த ஆசிரியையின் பாடவேளை. நாம் புண்ணியம் தேடப் போகிறோம், அந்தப் பிள்ளை ஆப்பிளையும் ஆரஞ்சையும் தாண்டாமல் நிற்கிறது.

இன்னொன்று. நான் யார், எப்படிப்பட்டவள் என்று யாருமே விசாரிக்கவில்லை. பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் போனேன். அதை ஏஜென்சி கேட்கவே இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பணம் கட்டிய ஒரே தகுதியில் குழந்தைகளோடு தனியே விடுகிறார்கள் என்றால், அங்கே வேறு யார் யாரெல்லாம் வந்து போயிருப்பார்கள்?

பள்ளி மூடியதும் ஏஜென்சிக்கு போன் போட்டேன். உடனே வேறு ஏற்பாடு தயார்: காத்மாண்டுவில் ஒரு குழந்தைகள் இல்லம். "அனாதைக் குழந்தைகள், தசைனுக்குப் போக வீடில்லாதவர்கள், நீங்கள் போனால் சந்தோஷப்படுவார்கள்" என்றார்கள். போனேன். அங்கே ஒரு பையன் பேச்சுவாக்கில் சொன்னான், அவன் அம்மா ஹும்லாவில் இருக்கிறாள், போன் பேசுவாள், இந்தத் தசைனுக்கும் ஊருக்கு விடவில்லை என்று. ஹும்லா வடமேற்கு மூலையில், கர்ணாலிப் பகுதியில் இருக்கும் மாவட்டம். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில் படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடம் பணம் வாங்கி, தரகர்கள் அங்கிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்து காத்மாண்டு இல்லங்களில் விட்ட கதை நேபாளத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. நாட்டின் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். இல்லங்கள் குவிந்து கிடப்பதும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன் என்று வெளிநாட்டுக்காரர்கள் வரும் இடங்களில்தான். அக்டோபர் அங்கே சுற்றுலா உச்சம். நாடே ஊருக்குக் கிளம்பும் பண்டிகையில் இந்தப் பிள்ளைகளை மட்டும் நிறுத்தி வைப்பது யாருக்குக் காட்ட என்று யோசித்துப் பாருங்கள்.

இல்லத்தை நடத்துபவர் குழந்தைகளோடு நான் இருக்கும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு நண்பர்களிடம் நிதி திரட்டித் தரச் சொன்னார். மறுத்துவிட்டு வெளியே வந்து 1098-க்கு அழைத்தேன். நேபாளத்திலும் குழந்தைகள் உதவி எண் அதேதான். விவரமெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

அன்றே டும்ரே பஸ் ஏறிவிட்டேன். நான் தங்கியிருந்த வீட்டுத் தீதி (அக்கா), மகர் இனத்துப் பெண், போனில் விஷயம் கேட்டதும் "தசைனுக்கு எங்காவது தனியாக உட்கார்ந்திருப்பாயா பஹினி (தங்கையே), வந்து சேர்" என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சாப்பாடு போட்டுத் தங்க வைக்க ஏஜென்சி அவருக்குக் கொடுத்தது நாளுக்கு 400 நேபாள ரூபாய், நம் காசில் 250. இந்த முறை நான் நேரடியாக 800 கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காலையில் ஒன்பது மணிக்கே பருப்புச் சோறு, கூடவே குந்த்ருக். கீரையைப் புளிக்க வைத்துக் காய வைப்பது, ரசம்போல வைத்தால் சளிக்கு அவ்வளவு இதம். ஊர்ப் பையன்கள் நெடுநெடுவென்று நாலு மூங்கிலை நட்டு உச்சியைச் சேர்த்துக் கட்டி ஊஞ்சல் போட்டார்கள். தசைனில் ஒருமுறையாவது கால் தரையில் படாமல் ஆட வேண்டுமாம். கிழவிகள்கூட ஏறினார்கள். பூஜையறை இருட்டில் பார்லி முளைக்க வைத்திருந்தார்கள். ஜமரா என்று பெயர், அச்சு அசலாக நம் முளைப்பாரி. தசமியன்று தீதியின் மாமியார் அரிசி, தயிர், சிவப்புப் பொடி மூன்றையும் பிசைந்து என் நெற்றி நிறையத் திலகம் இட்டு, அந்த மஞ்சள் முளையைக் காதோரம் செருகி, பத்து ரூபாய்த் தாளைக் கையில் வைத்து நெடுநேரம் வாழ்த்தினார். இதில் எதற்கும் ஏஜென்சி தேவைப்படவில்லை. சாயங்காலங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தாங்களாகவே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து திரிகோணமிதி போட்டோம். நான் போன காரியம் நடந்தது அங்கேதான்.

மலேசியத் தங்கையைப் பொக்காராவில் ஒரு 'போர்டிங்' பள்ளியில் போட்டிருந்தார்கள். நேபாளத்தில் போர்டிங் என்றால் பெரும்பாலும் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழித் தனியார் பள்ளி, விடுதி இருக்க வேண்டும் என்பதில்லை. ஏழைக் குழந்தைகள் என்று சொல்லி அனுப்பிய இடத்தில் அவள் படத்தைப் பெரிதாக ஃப்ளெக்ஸில் அடித்து வாசலில் வைத்திருந்தார்கள், 'வெளிநாட்டு ஆங்கில ஆசிரியை' என்று. அவளைக் கேட்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் பணத்தைக் கேட்டேன். முதலில் மன்னிப்பு, அப்புறம் மௌனம், கடைசியில் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் பள்ளி என்ற சொல்லே இல்லை, 'டூர் பேக்கேஜ்' என்று மட்டும் போட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தேன், நகரவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம், ஏஜென்சி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் போனதும் 20,000 மட்டும் திருப்பி அனுப்பினார்கள், மீதிக்கு வழக்கு நடக்கிறது. பள்ளி நிதி என்று வாங்கிய தொகை எதுவோ அதையே முதலில் திருப்பினார்கள், பார்த்தீர்களா?

போக நினைப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். எந்தப் பள்ளி என்று பெயர் கேளுங்கள், தலைமையாசிரியரோடு ஒருமுறை வீடியோ காலில் பேச வையுங்கள் என்று கேளுங்கள். "பாதுகாப்புக் காரணத்தால் முடியாது" என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். பேச முடிந்தால், எந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டும், எந்த மாதம் வரலாம், இவர்கள் மூலம் பள்ளிக்கு என்ன வந்திருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். நேபாளத்தில் கல்வியாண்டு வைசாகத்தில், ஏப்ரல் நடுவில் ஆரம்பிக்கும். தசைன், திஹார் இரண்டையும் காலண்டரில் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள். குழந்தைகள் இல்லம் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றே ரசீதை எடுத்துப் பாருங்கள். பள்ளியின் பெயர் அதில் இல்லையென்றால், பள்ளி பெயரையும் தேதியையும் எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். வாட்ஸ்அப் பேச்சையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவர்கள் அழித்துவிடுவார்கள். கார்டில் கட்டியிருந்தால் பேங்கில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை பேங்க் மூலமே திரும்பப் பெறுவது) கேட்க முடியுமா என்று உடனே விசாரியுங்கள், அதற்கும் கெடு உண்டு. என் வழக்கில் மனு எழுதிய மாதிரி வேண்டுமென்றால் கமெண்டில் கேளுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.